செவித்திறன் சோதனை அறையின் பின்னணி இரைச்சல்

செவித்திறன் சோதனை அறையின் பின்னணி இரைச்சல் என்பது, தொழிலாளரின் கேட்கும் திறனைச் சோதிக்கும் அறையில் சோதனை ஒலி இல்லாத வேளையிலும் நிலவும் ஒலி ஆகும். மின்விசிறி, குளிரூட்டி, ஜெனரேட்டர், வெளியே செல்லும் லாரி ஆகியன இதன் வழக்கமான மூலங்கள். இது மிகுந்தால் நல்ல காது உடையவரும் மெல்லிய சோதனை ஒலியைத் தவறவிடுவார். இல்லாத குறை ஏட்டில் ஏறிவிடும்.

விருதுநகர் மாவட்டத்தில்

சிவகாசி பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்கும், இராசபாளையம் நூற்பாலைகளுக்கும் பெயர் பெற்றவை. நூற்பாலையிலும் அச்சகத்திலும் இரைச்சல் வேலை நேரம் முழுதும் தொடர்கிறது. பட்டாசுத் தொழிலில் பெரும்பகுதி கைவேலையே. வெடித்துச் சோதிக்கும் இடத்தில்தான் நொடியினும் குறுகிய, மிக உரத்த ஒலி எழுகிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் உச்ச அளவு 145 டெசிபெல்லைத் (சி எடையிடல்) தாண்டும் வெடிகளுக்கு 1999ஆம் ஆண்டின் நடுவண் அரசு அறிவிக்கை தடை விதித்தது. இது வெடிக்குரிய வரம்பு. தொழிலாளியின் காதுக்கு உரியதன்று.

இரைச்சலால் விளையும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. எனவே சோதனைத் தாள் இழப்பீட்டுக் கோரிக்கையிலும் சான்றாகக் கூடியது.

வரம்புகள்

இரைச்சலை ஒற்றை எண்ணால் கூறுவது போதாது. ஒவ்வொரு ஆக்டேவ் பட்டையிலும் தனித்தனியே அளக்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு விதிகள் 500, 1000 ஹெர்ட்சில் 40 டெசிபெல், 2000 ஹெர்ட்சில் 47, 4000 ஹெர்ட்சில் 57, 8000 ஹெர்ட்சில் 62 வரை ஏற்கின்றன. அந்நாட்டின் 1999ஆம் ஆண்டுத் தரநிர்ணயமோ, காதை மூடும் செவிபேசியுடன் 500 ஹெர்ட்சில் 21 டெசிபெல்லையே அனுமதிக்கிறது. முந்தைய வரம்பு தளர்வானது என்பது இதனால் விளங்கும்.

அளக்கும் முறை

ஒலிமட்டமானியைச் சோதனைக்கு முன்னும் பின்னும் அளவுதிருத்தக் கருவியால் சரிபார்க்க வேண்டும். அறையில் எவரும் இல்லாதபோது, சோதிக்கப்படுபவரின் தலை இருக்கும் இடத்தில் அதன் ஒலிவாங்கியை வைத்து, கதவை மூடி, சோதனையின்போது ஓடும் விசிறி, விளக்கு அனைத்தையும் ஓடவிட்டு அளப்பர். மலிவான மானிகள் பல 30 டெசிபெல்லுக்குக் கீழே தம் சொந்த மின்னிரைச்சலையே காட்டும். அவற்றால் 21 டெசிபெல்லை அறிய இயலாது. ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவு வேலைநாளுக்குப் பொருந்தாது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சரக்கு ஏற்றும் லாரிகளும், மின்தடையின்போது ஜெனரேட்டரும் தாழ் அதிர்வெண் இரைச்சலைக் கூட்டுவதால், அந்நேரத்திலும் அளப்பது நன்று.

பிழையின் விளைவு

அறை இரைச்சல் பெரும்பாலும் 500 ஹெர்ட்சு அளவையே கெடுக்கிறது. தொழிலக இரைச்சலால் வரும் இழப்போ பொதுவாக 3000 முதல் 6000 ஹெர்ட்சுக்குள், பெரிதும் 4000 ஹெர்ட்சில் தொடங்குகிறது. தாழ் அதிர்வெண்ணில் மட்டும் குறை தெரிந்தால் காதோடு அறையையும் ஐயுற வேண்டும்.

வேலையில் சேரும்போது எடுக்கும் முதல் சோதனையில் இப்பிழை நேர்வதே மிகத் தீங்கானது. புதியவரின் காது ஏற்கெனவே குறையுடையதாகப் பதிவாகிவிட்டால், பின்னாளில் வரும் உண்மையான இழப்பு ஒப்பீட்டில் சிறிதாகத் தெரியும் அல்லது தெரியாமலே போகும்.

அறை வரம்புக்குள் வராவிடில் இயந்திரங்கள் ஓடாத காலை வேளையில் சோதிக்கலாம். ஒலித்தடுப்புக் கூண்டு பயன்படுத்தலாம். அல்லது காதுக்குழாயினுள் செருகும் வகைச் செவிபேசியைக் கையாளலாம்.