குழந்தைக்குக் காய்ச்சல்: சூட்டைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா?



மழைக்காலம் வந்துவிட்டால் குழந்தைகள் பிரிவில் வரிசை நீண்டுவிடும். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் தாய்மார்கள் முதலில் சொல்வது, "உடம்பு நெருப்பாக் கொதிக்குது டாக்டர்" என்பதே. சூடு ஏறினால் மூளை கெட்டுவிடும் என்ற பயத்தில் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். இது நம் ஊருக்கு மட்டும் உரிய பயமல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட் 1980-ல் இதற்குக் "காய்ச்சல் பீதி" என்றே பெயரிட்டார்.

காய்ச்சல் என்பது கிருமியை எதிர்க்க உடல் தானே ஏற்றிக்கொள்ளும் சூடு. சாதாரணத் தொற்றுக் காய்ச்சலின் சூடு மூளையைக் கெடுப்பதில்லை. ஆனால் அந்தச் சூட்டோடு போராடுவதில்தான் வீடுகளில் தவறு நேர்கிறது. குளிர் நடுக்கத்தைக் கண்டு கம்பளியால் இறுகப் போர்த்துகிறார்கள். சிலர் ஐஸ் தண்ணீரில் துடைக்கிறார்கள். முன்னது சூட்டை அடைத்து வைக்கும், பின்னது நடுக்கத்தைக் கூட்டும். மெல்லிய பருத்திச் சட்டை போதும். பட்டினி போடவும் வேண்டாம். தாய்ப்பால், கஞ்சி, இளநீர் என்று அடிக்கடி கொடுக்க வேண்டும். (கஞ்சி விஷயத்தில் பாட்டிமார் சொல்வதே சரி!)

பாரசிட்டமால் பிள்ளையின் வேதனையைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது. எடைக்குத் தக்கபடி ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான் ஒரு வேளை அளவு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருப்பதுண்டு. சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 இருக்கும். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் என்ன ஆகுமென்று எண்ணிப் பாருங்கள். ஆகவே பாட்டிலை மாற்றும்போதெல்லாம் லேபிளை வாசிக்க வேண்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் மிக அவசரம்.

அப்படியானால் எதற்குப் பயப்படுவது? மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் வந்தாலே காத்திருக்கக் கூடாது. எந்த வயதிலும், பிள்ளை பால் குடிக்க மறுத்தால், குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தால், எழுப்பினாலும் கண்விழிக்காமல் துவண்டு கிடந்தால், மூச்சு வாங்கினால், தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் உடனே வரவேண்டும்.

டெங்குவைத் தனியே சொல்ல வேண்டும். மூன்று முதல் ஏழு நாளுக்குள் சூடு இறங்குகிறது. தாய் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறாள், தகப்பனார் வேலைக்குப் போகிறார். சிலருக்கு ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கை கால், சிறுநீர் குறைதல் ஆகியவை அதன் அடையாளங்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் இபுபுரூபன் கொடுக்கக் கூடாது. அது ரத்தக் கசிவைக் கூட்டும்.

காய்ச்சல் தொடங்கிய நாளைத் தினசரி காலண்டர் தாளில் குறித்து வைக்கும்படி தாய்மார்களுக்குச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும்.