கட்சி மாறின இரண்டு பத்திரிகைகள்

குன்னூரில் நண்பர் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது ஒரு கட்டு பழைய ‘ஸ்வராஜ்யா’ கிடைத்தது. மலை ஈரத்தில் ஓரமெல்லாம் பூஞ்சை. எனக்கு உடனே ‘காமெண்ட்ரி’ ஞாபகம் வந்தது. 1945ல் அமெரிக்க யூத அமைப்பு ஒன்று தொடங்கிய மாத இதழ். 1960ல் ஆசிரியரான நார்மன் போட்ஹோரெட்ஸ் அதை முதலில் இடதுபக்கம் நகர்த்தினார். எழுபதுகளில் பழமைவாதக் கோட்டையாவே மாத்திட்டார். பழைய நண்பர்கள் பலர் விலகிப் போனார்கள்.

ஸ்வராஜ்யா, 1956ல் காசா சுப்பாராவ் சென்னையில் தொடங்கிய ஆங்கில வார இதழ். குரல் என்னவோ ராஜாஜியுடையது. லைசென்ஸ்-பெர்மிட் ஆட்சியை அவர் அதில் விடாமல் சாடினார். 1959ல் சுதந்திராக் கட்சியும் வந்தது. எனக்கு அதைவிட முக்கியம் மொழி விஷயம். 1938ல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவங்களை ஜெயிலுக்கு அனுப்பியவர் இவர். இருபது வருஷம் கழிச்சு, இந்தி ஒரே ஆட்சிமொழி ஆகக்கூடாதுன்னு வாதாடினவரும் இவரேதான். 1967ல் திமுகவோடு கூட்டணி வேற!

சந்தர்ப்பவாதம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நடராசனும் தாளமுத்துவும் 1939ல் கைதிகளாகவே செத்தவங்க. அவங்களைப் பற்றி பின்னாளைய ராஜாஜி என்ன நினைச்சார்? அதைத் தேடித்தான் கட்டைப் பிரிச்சிட்டிருக்கேன்; பாதிப் பக்கம் ஒட்டிக்கிடக்கு.