கணக்கும் குறிப்பும் ஒரே பக்கத்தில்: ஜூபிட்டர் நோட்புக்

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம்மில் பலரும் கணக்குப் போட எக்ஸெல் புரோகிராமைத்தான் திறக்கிறோம். எண்கள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்ற பார்முலா உள்ளே மறைந்திருக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால், நாம் போட்ட கணக்கு நமக்கே புரியாது.

கணக்கு, அதன் விடை, ஏன் அப்படிப் போட்டோம் என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் பள்ளி நோட்டில் எழுதுவது போல, மேலிருந்து கீழாக ஒரே பக்கத்தில் எழுதிட உதவும் புரோகிராம்தான் ஜூபிட்டர் நோட்புக். இது ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தது. இலவசமாகவே கிடைக்கிறது.

எங்கிருந்து வந்தது?

2001-ல் பெர்னாண்டோ பெரஸ் என்ற இயற்பியல் மாணவர் தன் ஆய்வு வேலைக்காக ஐபைத்தான் என்ற புரோகிராமை எழுதினார். 2011-ல் அதற்கு பிரவுசரில் இயங்கும் நோட்புக் வடிவம் கிடைத்தது. 2014-ல் அது ஜூபிட்டர் என்ற தனித் திட்டமாக வளர்ந்தது. ஜூலியா, பைத்தான், ஆர் ஆகிய மூன்று கம்ப்யூட்டர் மொழிகளின் பெயர்களைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார்கள். இன்று வேறு பல மொழிகளையும் இதில் இயக்கலாம். நாம் இங்கு பைத்தானை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

இன்ஸ்டால் செய்வது எப்படி?

முதலில் பைத்தான் அமைப்பின் இணைய தளத்திலிருந்து விண்டோஸுக்கான பைத்தானை டவுன்லோடு செய்து நிறுவிடவும். அடுத்து ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் விண்டோவைத் திறந்து, கீழ்க்காணும் கட்டளையை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும்.

பை -எம் பிப் இன்ஸ்டால் நோட்புக்

இதில் "பை" என்பது பி, ஒய் என்ற இரண்டு எழுத்துகள். தேவையான பைல்கள் இணையத்திலிருந்து இறங்கும்வரை காத்திருக்கவும். முடிந்தவுடன் அடுத்த கட்டளை:

பை -எம் நோட்புக்

உங்கள் பிரவுசர் தானாகத் திறந்து, போல்டர் பட்டியல் ஒன்றைக் காட்டும். இதைப் பார்த்து இணையத்தில் ஏதோ தளம் திறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பிரவுசர் வெறும் முகம்தான். வேலை முழுவதும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. இன்ஸ்டால் செய்த பின் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். ஆனால் அந்தக் கறுப்பு விண்டோவை மூடிவிடாதீர்கள். மூடினால் நோட்புக்கும் நின்றுவிடும்.

இன்ஸ்டால் செய்யத் தயங்குபவர்கள், ஜூபிட்டர் தளத்தில் உள்ள முயன்று பார்க்கும் பக்கத்தில் பிரவுசரிலேயே இதனை இயக்கிப் பார்க்கலாம்.

முதல் பக்கம்

வலது மேல் மூலையில் நியூ என்பதை கிளிக் செய்து பைத்தான் 3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். காலியான பக்கத்தில் ஒரு பெட்டி தெரியும். இதற்கு செல் என்று பெயர். அதில் 125 * 48 என டைப் செய்து, ஷிப்ட் கீயை அழுத்தியபடி என்டர் தட்டவும். கீழே 6000 என்று விடை வரும். அடுத்த செல்லும் தயாராக வந்து நிற்கும்.

குறிப்பு எழுத வேண்டுமா? எஸ்கேப் கீயைத் தட்டி, பின் எம் எழுத்தைத் தட்டவும். அந்த செல் குறிப்பு எழுதும் செல்லாக மாறிவிடும். எஸ்கேப் தட்டி ஒய் தட்டினால் பழையபடி கணக்கு செல். எஸ்கேப் தட்டி பி தட்டினால் கீழே புதிய செல் ஒன்று கிடைக்கும்.

தமிழிலேயே ஒரு கணக்கு

பைத்தான் 3-ல் நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலும் இருக்கலாம். பெயரின் நடுவே இடைவெளி மட்டும் கூடாது. ஒரு கடனுக்கான மாதத் தவணையை மூன்று செல்களில் கணக்கிடுவோம்.

முதல் செல்:
கடன் = 500000
விகிதம் = 9
மாதங்கள் = 60

இரண்டாம் செல்:
மாதவட்டி = விகிதம் / 1200

மூன்றாம் செல்:
தவணை = கடன் * மாதவட்டி / (1 - (1 + மாதவட்டி)  ** -மாதங்கள்)
தவணை

ஆண்டு வட்டியை 12 மாதத்திற்கும், நூற்றுக்கு இவ்வளவு என்பதற்காக 100-ஆலும் வகுக்க வேண்டும். அதனால்தான் 1200. இரண்டு நட்சத்திரக் குறிகள் அடுக்கைக் குறிக்கும். மூன்று செல்களையும் வரிசையாக இயக்கினால் 10379 ரூபாய் சொச்சம் என்று விடை கிடைக்கும்.

நான் செய்த தவறு

என் அக்கா வீட்டைப் புதுப்பிக்கக் கடன் வாங்க நினைத்தபோது, இதே கணக்கை அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். முதலில் 9 சதவீதம் என்றார்கள். பிறகு 11 என்று மாறியது. முதல் செல்லில் 9-ஐ 11 ஆக்கி இயக்கினேன். நேராகக் கடைசி செல்லுக்குச் சென்று அதையும் இயக்கினேன். அதே 10379 வந்தது. போனில் அக்கா அவசரப்படுத்த, சரியாகப் பார்க்காமல் "பெரிய வித்தியாசம் இல்லக்கா" என்று சொல்லிவிட்டேன். அவரும் அதை நம்பி மாத பட்ஜெட் போட்டுவிட்டார்.

சரியான தவணை 10871 ரூபாய். மாதம் 492 ரூபாய் கூடுதல். ஐந்து வருடத்தில் சுமார் 29,500 ரூபாய். கையெழுத்துப் போடும் முன் கடன் பத்திரத்தில் இருந்த தொகையைப் பார்த்து அக்காவே கேட்டதால் தெரிந்தது. புரோகிராம் எழுதுவதே தொழிலாக உள்ள எனக்கு அன்று சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

என்ன நடந்தது? பக்கத்தில் நாம் காண்பது எழுத்து மட்டுமே. கணக்குப் போடுவது கெர்னல் என்ற, பின்னால் இயங்கும் புரோகிராம். அது நாம் இயக்கிய செல்களை, இயக்கிய வரிசையில் மட்டுமே அறியும். இரண்டாம் செல்லை நான் மீண்டும் இயக்கவில்லை. எனவே கெர்னலின் நினைவில் மாதவட்டி பழைய 9 சதவீதத்திலேயே இருந்தது. எக்ஸெல் போல, ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் தானாக மாறும் வழக்கம் இங்கில்லை.

இடது ஓரத்து எண்கள்

இதைக் கண்டுபிடிக்க நோட்புக்கே ஒரு வழி தருகிறது. ஒவ்வொரு செல்லின் இடதுபுறமும் சதுர அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். அது எத்தனையாவதாக அந்த செல் இயக்கப்பட்டது என்பதைக் காட்டும். முதலில் வரிசையாக இயக்கியபோது 1, 2, 3 என்று இருந்தது. நான் தவறு செய்தபின் 4, 2, 5 என்று மாறியிருந்தது. நடுவில் நிற்கும் அந்த 2-தான் பழைய கணக்கு. அன்று அந்த எண்ணைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். எண்ணுக்குப் பதில் நட்சத்திரம் இருந்தால் அந்த செல் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

இதே காரணத்தால் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவும்.

1. ஒரு செல்லை நீக்கினாலும் அது உருவாக்கிய மதிப்பு கெர்னலின் நினைவில் இருக்கும். இன்று சரியாக ஓடும் நோட்புக் நாளை பிழை காட்டுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

2. நேற்று மூடிய பைலை இன்று திறந்தால், விடைகள் அப்படியே தெரியும். ஆனால் கெர்னல் புதிது. அதன் நினைவில் ஒன்றும் இராது. மீண்டும் முதலிலிருந்து இயக்கிட வேண்டும்.

தீர்வு எளிது. ஒரு விடையை நம்பி முடிவெடுக்கும் முன், அல்லது அடுத்தவருக்கு அனுப்பும் முன், கெர்னல் மெனு சென்று, ரீஸ்டார்ட் கெர்னல் அண்ட் ரன் ஆல் செல்ஸ் என்பதை கிளிக் செய்யவும். பழைய நினைவு அழிந்து, எல்லா செல்களும் மேலிருந்து கீழாக இயங்கும். எண்கள் 1, 2, 3 என வரிசையாக வந்து, பிழையும் இல்லை என்றால், பக்கத்தில் உள்ள எழுத்தும் விடையும் பொருந்துகின்றன என்று கொள்ளலாம். பார்முலாவே தவறாக இருந்தால் இது காப்பாற்றாது. அதை நாம்தான் சரிபார்க்க வேண்டும்.

முடிக்கும்போது கண்ட்ரோல் + எஸ் தட்டி சேவ் செய்திடுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பிய நோட்புக்கை மட்டும் யோசிக்காமல் இயக்க வேண்டாம். அதுவும் ஒரு புரோகிராம்தான். உங்கள் பைல்களை அழிக்கவும் அதனால் முடியும்.

இந்த வாரம் உங்கள் வீட்டுக் கணக்கில் ஏதாவது ஒன்றை, மின் கட்டணமோ நகைச் சீட்டோ, மூன்று செல்களில் எழுதிப் பாருங்கள். விடை வந்ததும், இடது ஓரத்து எண்களை ஒரு முறை பார்த்துவிட்டு பிறகு வீட்டாரிடம் சொல்லுங்கள்.