தாத்தாவின் பதக்கம் வலப்பக்கம்



ஏப்ரல் 25 நற்செய்தியாளர் புனித மாற்குவின் திருநாள் என்பதை நாம் அறிவோம். ஆஸ்திரேலியத் திருஅவையிலோ அவரது விழா வழக்கமாக மறுநாளுக்குத் தள்ளி வைக்கப்படுகிறது. காரணம், அன்று அங்கே அன்சாக் நாள். 1915ஆம் ஆண்டு அதே தேதியில்தான் 'அன்சாக்' எனப்பட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலி கரையில் இறங்கின. எட்டு மாதப் போரில் ஆஸ்திரேலியர் மட்டுமே 8,000 பேருக்கு மேல் மாண்டனர். வெற்றியும் கிட்டவில்லை. தோற்ற போரின் நாளையே அம்மக்கள் நினைவுநாளாக வைத்திருக்கிறார்கள்!

விடியுமுன் நினைவு வழிபாடு நடக்கும். பிறகு பெருநகரங்களிலும் சிற்றூர்களிலும் முன்னாள் படைவீரர்களின் அணிவகுப்பு, ஊர் நினைவுச்சின்னம்வரை செல்லும். நடக்க முடிந்த முதியவர்கள் நடப்பார்கள். முடியாதவர்கள் ஜீப்பிலோ சக்கர நாற்காலியிலோ வருவார்கள். தெருவோரம் நிற்போர் கைதட்டுவார்கள். நரைத்த தலைக்கு முன் எழுந்து நிற்கச் சொல்லும் லேவியர் நூல் (19:32) நம் நினைவுக்கு வருகிறது.

வீரர் தம் பதக்கத்தை இடப்பக்க மார்பில் அணிவார். இறந்த தாத்தாவின் பதக்கத்தோடு நடக்கும் பேரப்பிள்ளை அதை வலப்பக்கம் குத்திக்கொள்ளும். இது என் பெருமையல்ல, அவருடையது என்பது பார்த்ததுமே விளங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. அக்காலத்தில் கத்தோலிக்கர் பிற சபையினரோடு சேர்ந்து வழிபட அனுமதி இல்லை. பிரிஸ்பேன் நகரில் 1916 முதல் இந்நாளுக்கு வடிவம் கொடுத்த ஆங்கிலிக்கன் குரு டேவிட் கார்லண்ட், அதில் ஒரு மௌன வேளையைச் சேர்த்தார். அந்த மௌனத்தில் அவரவர் தம் முறையில் செபிக்கலாம்.

ஆனால் இந்த மரியாதை எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைத்துவிடவில்லை. வியட்நாம் போருக்குச் சென்றவர்களில் பலர், பிறந்தநாள் குலுக்கலில் தேர்வான இருபது வயது இளைஞர்கள். போரின்மீது மக்களுக்கு இருந்த கோபம் திரும்பி வந்தவர்கள்மீதும் விழுந்தது. ஒரு போரைத் தவறென்று சொல்வது வேறு, அதற்கு அனுப்பப்பட்டவரை ஒதுக்குவது வேறு. இதை உணர நாள் பிடித்தது. 1987 அக்டோபர் 3 அன்றுதான் சிட்னியில் அவர்களுக்கென்று தனி வரவேற்பு அணிவகுப்பு நடந்தது. ஏறத்தாழ 25,000 பேர் நடந்தனர். அவர்களில் பலர் வீடு திரும்பிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் இறந்துபோனவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தக் கைதட்டல் கேட்கவேயில்லை.

இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். நூறு வயதை ஒட்டியவர்கள். வியட்நாம் சென்று வந்தவர்களும் எழுபதுகளின் கடைசியில், எண்பதுகளில் இருக்கிறார்கள். ஜீப்பின் இருக்கைகளில் இனி அவர்கள்தான்.