உடற்பருமன்: ஜிம் பயிற்றுநர்கள் அறிய வேண்டியவை

வன்னியில் அறுவடையை மெஷின் எடுத்துக்கொண்டது. வயலுக்குப் போகிற நடையை மோட்டார்சைக்கிள் எடுத்துக்கொண்டது. கோப்பையில் சோறு மட்டும் குறையவில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஜிம் நடத்துகிறவர்கள் வருபவரை முதலில் தராசில் ஏற்றுகிறார்கள். தராசு எல்லாவற்றையும் சொல்லாது.

170 சென்றிமீற்றர் உயரமானவர் 70 கிலோ என்றால், அவருடைய உடற்திணிவுச் சுட்டி 24.2. பொது அளவான 25இன்படி அவர் நோர்மல். ஆனால் ஆசியர்களுக்கு 23இலிருந்தே ஆபத்துக் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சுட்டிக்காட்டியது. நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேர்வது அதிகம். அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. நீரிழிவு, பிறஷர், மாரடைப்பு பின்னால் வருகின்றன.

ஆகவே அளவுநாடாவையும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்றிமீற்றரைத் தொட்டால் கவனம் தேவை. பெண்களைப் பெண்ணொருவரே அளக்கட்டும்.

நெஞ்சுவலி உண்டா, என்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று கேட்காமல் பளு தூக்க விடாதீர்கள். இன்சுலின் போடுகிறவருக்குப் பயிற்சியில் சீனி சட்டென்று இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். நோன்பு நேரத்திலும் உடனே நோன்பை விட்டுச் சீனித்தண்ணி குடிக்கத்தான் வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அந்தச் சலுகையைத் தந்திருக்கிறது.

மாதத்தில் 10 கிலோ குறைப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்றவர்களுக்கு வைத்த இலக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான். அவர்களிடையே புதிதாக நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. வேக நடை போதும்; அதற்கு ஜிம் கட்டணமும் இல்லை.