தோளில் தொங்கும் தவில்
(உடலே முதல் வாத்தியம் – 9)

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்கு பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான் வரும். தேருக்கு முன்னால் வீதி முழுக்க நின்றும் நடந்தும் வாசிக்கும் மேளக்காரரின் தோளை யார் படம் எடுக்கிறார்கள்? இந்த வாரம் அந்தத் தோளைப் பார்ப்போம்.

தவிலின் கட்டை பலாமரம். முன்பு தோல் வாரால் இழுத்துக் கட்டினார்கள். இப்போது இரும்பு வளையமும் போல்ட் நட்டும் வந்துவிட்டன. முறுக்குவது சுலபம், நாதமும் கணீரென்று இருக்கிறது. கூடவே எடையும் ஏறிவிட்டது. கிட்டத்தட்ட பத்து கிலோ, ஒரே நாடாவில், ஒரே தோளில். நாடா நழுவாமலிருக்க அந்தத் தோள் தானாகக் காதை நோக்கி ஏறும். இடுப்பு எதிர்ப்பக்கம் சாயும். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகத்தான் கைக்கு நரம்பும் ரத்தக்குழாயும் இறங்குகின்றன. சந்து நெருங்கினால் விரல் மரத்துப்போகும், பிடி தளரும். வித்வானோ கை இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஓங்கி அடிப்பார். பாகூரில் காலையில் முகூர்த்தம், மாலையில் சாமி புறப்பாடு என்று வந்துவிட்டால் தோளுக்கு ஓய்வு ஏது? தோள் காய்த்தால்தான் தவில்காரன் என்று பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உடம்பை இறுக்காமல் இசைப்பது நமக்குப் புதிதல்ல. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை பாடும்போது புருவம் ஏறவில்லை, தொண்டை புடைக்கவில்லை என்றுதான் திருத்தக்கதேவர் அவள் திறமையைக் காட்டுகிறார். பாட்டு வாத்தியார்கள் மாணவரைக் கண்ணாடி முன் உட்காரவைத்ததும் இதற்காகத்தான். 1869-ல் டாஸ்மேனியாவில் பிறந்த அலெக்ஸாண்டர் என்ற மேடைப் பேச்சுக் கலைஞரும் குரல் கம்மியபோது கண்ணாடியைத்தான் நாடினார். வாய் திறக்குமுன்பே தலை பின்னால் இழுபடுவதைக் கண்டுபிடித்தார். அவர் பெயரிலுள்ள பயிற்சி இன்று பல நாட்டு இசைக் கல்லூரிகளில் நடக்கிறது.

தவிலுக்கு இதை இப்படிச் செய்து பார்க்கலாம். தவிலை மாட்டாமல் கண்ணாடி முன் நின்று, தகதிமியை வாயால் மட்டும் சொல்லுங்கள். தோள் அப்போதே ஏறுகிறதா? ஏறினால் குற்றம் எடையில் மட்டும் இல்லை. வாசிக்கப் போகிறோம் என்ற நினைப்பிலேயே உடம்பு இறுகுகிறது. தோள் இறங்கும்வரை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லுங்கள். பிறகு தவிலை மாட்டிக்கொண்டு, அடிக்காமல், இரண்டு பாதத்திலும் பாரம் சமமாக இறங்குகிறதா என்று கவனியுங்கள். அதன்பிறகு கீழ்க்காலத்தில் தொடங்கலாம். துரிதத்துக்கு அவசரம் வேண்டாம். அகலமான, பஞ்சு வைத்த நாடா கட்டாயம்.

ஆனால் இரவிலும் விரல் மரத்தால், டம்ளர் கை நழுவினால், இது பயிற்சியோடு தீராது. தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் கோரிமேடு ஜிப்மருக்குப் போய்க் காட்டுங்கள்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். முட்டுக்கட்டை போட்டுத் தேர் நிற்கும் இடங்களில் மேளக்காரருக்கு இரண்டு பெஞ்சு போடுங்கள். தவிலை இறக்கி வைக்க அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

(தொடரும்)