கடலடியில் கிடைத்தது யாருக்குச் சொந்தம்?

பூம்புகாருக்கு எதிரே கடலில் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பல் உடைந்து கிடக்கிறது. மீனவர் கணக்கில் பத்து பாகத்துக்குச் சற்று மேல். கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்கே முக்குளித்தபோது ஈயப் பாளங்கள் கிடைத்தன. அவற்றின் மேல் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் இருந்தன. பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பெயர். அந்த ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி திப்பு சுல்தானோடு மூன்றாம் மைசூர்ப் போரில் இருந்தது. தெற்கே தரங்கம்பாடியில் டேனியர் கொடி பறந்துகொண்டிருந்தது. துப்பாக்கிக் குண்டுக்கு ஈயம், கூரைத் தகட்டுக்கு ஈயம் என்று எல்லாருக்கும் அது வேண்டியிருந்த காலம்.

பூம்புகார் என்றதும் நமக்குக் கண்ணகியும் இந்திர விழாவும்தான் நினைவுக்கு வருகின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய செங்கல் ஒன்று கிடைத்தால் பேருந்து வைத்துப் போய்ப் பார்ப்போம். இருநூறு ஆண்டுக்கு முந்தைய கப்பலைப் பற்றிச் சீர்காழி கடைத்தெருவில் கேட்டால், 'அப்படியா?' என்பார்கள். இந்த அலட்சியம்தான் எனக்குக் கவலை. எதை ஊர் கவனிக்கவில்லையோ, அதை ஊரிலிருந்து எடுத்துப் போவது சுலபம்.

கடலடி ஆய்வில் தெரியவந்தவற்றைச் சொல்வதற்கென்றே பூம்புகாரில் மாநிலத் தொல்லியல் துறையின் ஆழ்கடல் அகழ்வைப்பகம் இருக்கிறது. 1997-ல் தொடங்கப்பட்டது. சிறிய மியூசியம்தான். ஆனால் இந்தியாவில் கடலுக்கு அடியில் நடந்த ஆய்வுக்காக, அந்தக் கடற்கரையிலேயே வைக்கப்பட்ட மியூசியங்கள் அரிது. 2025-ல் மாநிலத் தொல்லியல் துறை பூம்புகார்க் கடலில் மறுபடியும் ஆய்வைத் தொடங்கியது. அதே ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் ராமநாதபுரத்தில் நாவாய் அருங்காட்சியகம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இரண்டும் நல்ல செய்திகள். ஆனால் பெரிய கட்டடம் எழும்பும்போது அதன் கண்ணாடிப் பெட்டிகளை நிரப்பப் பொருள் தேவைப்படும். சின்ன மியூசியங்களின் பொருட்கள் மேல் கண் விழுவது எங்கும் நடப்பது. பூம்புகாருக்கு அப்படி ஓர் உத்தரவு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வந்தால் நம் கையில் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் சொத்துரிமையைத் தெளிவாக்கிக்கொள்வோம். அரசமைப்புச் சட்டத்தின் 297-வது பிரிவின்படி, கடல் எல்லைக்குள் கடலுக்கு அடியில் உள்ள நிலமும் மதிப்புள்ள பிற பொருட்களும் ஒன்றிய அரசுக்கு உரியவை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை, நம் கடல் எல்லை. மியூசியம் மாநில அரசுடையது. ஆக, கப்பல் கிடக்கும் தரை டெல்லியுடையது, கண்ணாடிப் பெட்டி சென்னையுடையது, வலை கிழிவது மட்டும் நம்முடையது.

நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளும் வரலாற்று மதிப்புள்ள பொருளும் 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்துக்குள் வந்துவிடும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பினால் சிறை. அது வெளிநாட்டுக்குப் போவதைத் தடுக்கிறது, சரி. ஆனால் ஓர் அரசு மியூசியத்துப் பொருளை இன்னொரு அரசு மியூசியத்துக்கு மாற்ற ஊர்க்காரர்களின் சம்மதம் வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. 2001-ல் யுனெஸ்கோ கடலடிப் பண்பாட்டு மரபைக் காக்க ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. கிடக்கிற இடத்திலேயே காப்பதுதான் முதல் தெரிவு, வியாபாரத்துக்காகத் தோண்டக் கூடாது என்பவை அதன் சாரம். இந்தியா அதில் சேரவில்லை.

அப்படியானால் மியூசியத்தை அரசிடமிருந்து பிரித்து ஊராரே நடத்தினால் என்ன? நம்மூர் டீக்கடைகளில் இது அடிக்கடி கேட்கிற பேச்சு. நல்ல எண்ணம்தான், ஆனால் அதற்கு முன் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் சார்ல்ஸ்டவுன் என்ற சிற்றூரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 1976-ல் ஒரு தனியார் கப்பல் சிதைவு மியூசியம் தொடங்கப்பட்டது. பல கப்பல்களின் பொருட்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தன. எந்த அரசுத் துறையின் கட்டுப்பாடும் இல்லை. கடைசியில் விற்பனைக்கு வந்து, 2024 நவம்பரில் 8,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் போன பொருள் திரும்ப ஒன்றுசேராது. தனித்து நிற்பது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆகவே மியூசியம் யார் கையில் இருக்கிறது என்பதைவிட, அதன் பொருட்கள் எந்தக் காகிதத்தால் கட்டப்பட்டிருக்கின்றன என்பதே முக்கியம். அரசு மியூசியம் என்றால் அந்தக் காகிதம் பொருட்பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், எங்கே கிடைத்தது, எப்போது வந்தது, அளவு, நிலை, இப்போது எந்த அலமாரியில் என்று அதில் இருக்க வேண்டும். பொருள் வெளியே போனால் யார் உத்தரவில், எவ்வளவு காலத்துக்கு, எந்தத் தேதியில் திரும்ப வரும் என்று எழுத வேண்டும். 'ஆய்வுக்காக', 'பாதுகாப்புக்காக', 'தற்காலிகமாக' என்ற மூன்று சொற்களும்தான் ஆபத்து. திரும்பும் தேதி இல்லாத தற்காலிகம் நிரந்தரம்தான்.

இதில் ஒரு நியாயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடலில் இரண்டு நூற்றாண்டு ஊறிய இரும்பு வெளியே வந்ததும் உள்ளே புகுந்த உப்பால் வெடித்துப் பொடியாகும். பீரங்கி போன்ற பெரிய இரும்புப் பொருளைக் காரக் கரைசலில் மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில், ஊறவைத்து உப்பை இழுத்தெடுப்பார்கள். மரத்துக்கு வேறு சிகிச்சை. 1982-ல் இங்கிலாந்துக் கடலிலிருந்து எடுத்த மேரி ரோஸ் போர்க்கப்பலின் மரத்துக்கு 2013 வரை மெழுகு போன்ற ஒரு ரசாயனத்தைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வகம் பூம்புகாரில் இல்லையென்றால், பொருளை வெளியே அனுப்புவதை எதிர்ப்பது அந்தப் பொருளுக்கே செய்யும் கேடு. அங்கே ஊர் கேட்க வேண்டியது 'அனுப்பாதே' என்பதல்ல. 'திரும்பும் தேதியை எழுதிக் கொடு' என்பது. கடற்கரை ஆபத்தும் கற்பனையல்ல. 2004 சுனாமியில் இலங்கையின் காலி துறைமுகத்தில் இருந்த கடலடித் தொல்லியல் பிரிவின் கட்டடம் அடித்துச் செல்லப்பட்டது. 1659-ல் அங்கே மூழ்கிய டச்சுக் கப்பல் ஆவொன்ஸ்டரிலிருந்து எடுத்த பொருட்களில் பல மறுபடியும் கடலுக்கே போயின. பூம்புகாரும் அதே சுனாமியில் அடிபட்ட ஊர்தான்.

இனி நம் கையில் இருப்பவை. மலிவான ஆயுதம் தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தாள் போதும். சென்னை எழும்பூரில் உள்ள தொல்லியல் துறை இயக்குநரகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 'மியூசியம் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்று பதில் வரும். ஆவணத்தைக் கேட்க வேண்டும். இப்படி:

'பூம்புகார் அகழ்வைப்பகத்தின் பொருட்பதிவேட்டின் நகல் தரவும். கடந்த பத்து ஆண்டுகளில் அங்கிருந்து வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட பொருட்களின் பட்டியலையும் அதற்கான ஆணைகளின் நகல்களையும் தரவும். கடைசியாக இருப்புச் சரிபார்ப்பு நடந்த தேதியையும் அதன் அறிக்கையையும் தரவும்.'

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், மழுப்பினாலும், முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் சரிப்படாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. கோவா நிறுவனம் ஒன்றிய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்கு உட்பட்டது. கடலிலிருந்து எடுத்தவற்றில் எவை எங்கே இருக்கின்றன என்று அங்கேயும் தனி மனு போட வேண்டும். ஒன்றிய அரசின் இணையதளத்திலேயே அதைச் செய்யலாம்.

அடுத்தது கிராம சபை. பூம்புகார் ஊராட்சியின் வாக்காளர்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். 'எங்கள் கடலில் எடுத்த பொருட்கள் எங்கள் ஊர் மியூசியத்திலேயே இருக்க வேண்டும். வெளியே போனால் எழுத்தில் திரும்பும் தேதி வேண்டும்' என்ற அளவில் போதும். தீர்மானம் தொல்லியல் துறையைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் நாளைக்கு வழக்கு என்று வந்தால், ஊர் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அதுவே எழுத்துச் சான்று. சீர்காழி நகராட்சிக்குள் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குக் கிராம சபை கிடையாது; வார்டு பகுதி சபையிலும், மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நீதிமன்றம் இதில் காது கொடுக்காது என்று நினைக்க வேண்டாம். 2016-ல் கீழடியில் எடுத்த பொருட்களைக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தபோது, ஒரு பொதுநல வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. 2023 மார்ச்சில் கீழடியிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைத் தமிழகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-ல் உத்தரவிட்டதும் அதே கிளைதான். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக்குப் போவார்கள் என்பதால் நம்மில் பலர் குழம்புகிறோம். மயிலாடுதுறை மாவட்டம் சென்னை அமர்வின் கீழ் வருகிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவிடமோ 15100 என்ற தொலைபேசி எண்ணிலோ கேட்கலாம்.

மீனவர்களிடம் தனியாக ஒரு பேச்சு. வலையில் பானை ஓடு, பித்தளைத் துண்டு, ஈயக்கட்டி எது ஏறினாலும் காயலான் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிலோ கணக்கில் சில நூறு ரூபாய் கிடைக்கும், அதோடு கைதாகும் வாய்ப்பும் கிடைக்கும். கப்பல் சிதைவைக் கண்டெடுத்தவர் அதற்கென உள்ள பொறுப்பு அலுவலருக்குச் சொல்ல வேண்டும் என்பது 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்திலிருந்தே இருக்கிற கடமை. அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்க 2025-ல் புதிய சட்டம் நிறைவேறியது. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ எழுதிக் கொடுத்து, பொருளைப் படம் எடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வலை மாட்டிய இடத்தின் ஜிபிஎஸ் எண்ணையும் குறித்துக் கொடுங்கள். ஆய்வாளருக்கு ஈயக்கட்டியைவிட அந்த எண் பெரிய செல்வம்.

தரையில் கிடைப்பதற்கு வேறு சட்டம். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. உரிமையாளர் யாரும் இல்லையென்று ஆகிவிட்டால், கண்டவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் என்பது அதன் கணக்கு; வேறு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. ஆட்சியர் அரசுக்காக வாங்கிக்கொள்ள முடிவு செய்தால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. அவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. கோயிலிலேயே இருக்கட்டும் என்று ஊர் பேசியது. அந்தச் சூடு கப்பல் பாளங்களுக்கு இல்லாமல் போனதற்குக் காரணம், அவற்றுக்கு முன் யாரும் கற்பூரம் ஏற்றுவதில்லை என்பதுதான்.

ஊரிலேயே ஒரு சிறு தனி மியூசியம் வைக்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். அறக்கட்டளைப் பத்திரமும் எழுதலாம். தொல்பொருள் வைத்திருந்தால் 1972 சட்டத்தின்படி பதிவு செய்யவேண்டியவற்றைப் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களைவிட முக்கியமான ஒரு வரி இருக்கிறது. பத்திர எழுத்தர் அச்சடித்து வைத்திருக்கும் மாதிரியில் பெரும்பாலும் அது இருக்காது. 'சேகரிப்பில் உள்ள எந்தப் பொருளும் விற்கவோ, அடகு வைக்கவோ, தனிநபருக்குக் கொடுக்கவோ படாது. அமைப்பு கலைக்கப்பட்டால் முழுச் சேகரிப்பும் பிரிக்கப்படாமல் இந்த மாவட்டத்தில் உள்ள ஒரு பொது அருங்காட்சியகத்துக்கே சேரும்' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் எதற்கு என்று கேட்டால் சார்ல்ஸ்டவுன் கதையைச் சொல்லுங்கள்.